பால்டிமோர் மதுவிடுதியில் ஆறு பேர்

வால்ட் விட்மன் ஒரு நாவல் எழுதியிருக்கிறார் என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் நம்புவதில்லை. பாரதி தம் கட்டுரையொன்றில் வியந்து அறிமுகப்படுத்திய அந்த மகாகவி, ‘புல்லின் இதழ்கள்’ வெளிவருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பு, 1842 நவம்பரில், ‘ஃபிராங்ளின் எவன்ஸ்’ என்ற நாவலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 23. நாட்டுப்புறத்திலிருந்து நியூயார்க் வந்துசேரும் இளைஞன் ஒருவன் குடியில் விழுந்து, உற்றாரையும் உடைமையையும் இழந்து, கடைசியில் உறுதிமொழியில் கையெழுத்திட்டு மீள்கிறான் என்பது கதை. இலக்கியமாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. விட்மனே முதுமையில் அதை வெறும் குப்பை என்று ஒதுக்கினார். மதுவின் துணையோடுதான் அதை எழுதி முடித்தேன் என்றும் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனால் அந்தக் குப்பை ஏறத்தாழ 20,000 படிகள் விற்றதாகக் கணக்கு. ‘புல்லின் இதழ்கள்’ அந்த எண்ணிக்கையைக் கனவிலும் கண்டதில்லை.

பெயரறியாத ஓர் இளம் இதழாளனிடம் போய்க் குடியைப் பற்றி நாவல் எழுதித் தா என்று கேட்கும் அளவுக்கு அன்றைய அமெரிக்காவில் என்னதான் நடந்துகொண்டிருந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் நான் எதிர்பாராத ஒரு வரலாற்றுக்குள் நுழைந்தேன். இன்று மனநல மையங்களிலும் போதை மறுவாழ்வு இல்லங்களிலும் ‘குழு ஆலோசனை’ என்ற பெயரில் நடைபெறும் காரியத்தின் வேர்களில் ஒன்று அங்கே கிடக்கிறது. நோயுற்றவர்கள் வட்டமாக அமர்கிறார்கள். ஒருவர் தன் கதையைச் சொல்ல மற்றவர்கள் கேட்கிறார்கள். இதைவிட எளிய சிகிச்சை இருக்க முடியாது. அந்த எளிமையைக் காப்பாற்றுவதுதான் யாராலும் இயலாத காரியமாக இருந்திருக்கிறது.

1840 ஏப்ரல் 2 அன்று மாலை, பால்டிமோர் நகரில் சேஸ் என்பவரின் மதுவிடுதியில் ஆறு நண்பர்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தையற்காரர், ஒருவர் தச்சர், ஒருவர் கொல்லர். மற்ற மூவரும் சக்கரம் செய்பவர், வண்டி கட்டுபவர், வெள்ளி வேலை செய்பவர். எல்லோரும் கைத்தொழிலாளர்கள். அன்றிரவு ஊருக்கு ஒரு மதுவிலக்குப் பிரசாரகர் வந்திருந்தார். அவர் என்னதான் சொல்கிறார் என்று பார்த்துவர ஆறு பேரில் சிலரை அனுப்பினார்கள். கேலிக்குத்தான் அனுப்பியிருக்க வேண்டும். போனவர்கள் திரும்பிவந்ததும் அந்த விடுதியிலேயே வாக்குவாதம் நடந்தது. அதன் முடிவில், இனிக் குடிப்பதில்லை என்று அறுவரும் சங்கம் ஒன்று அமைத்துக்கொண்டார்கள். தையற்காரர் வில்லியம் மிட்செல் தலைவரானார். உறுப்பினர் கட்டணம் 25 சென்ட். மாதச் சந்தா பன்னிரண்டரை சென்ட். சங்கத்துக்கு ஜார்ஜ் வாஷிங்டன் பெயரைச் சூட்டினார்கள். தேசப்பிதாவான அந்த வாஷிங்டன் தம் கடைசி ஆண்டுகளில் பண்ணையில் பெரிய சாராய வடிப்பாலை வைத்து விஸ்கி விற்றவர் என்பது இவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்கு ஒரு குறும்பான சந்தேகம் உண்டு.

இவர்கள் செய்தது எவ்வளவு புதிது என்பதை உணர, அதற்கு முன்பிருந்த நிலையைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1830 வாக்கில் அமெரிக்காவில் பதினைந்து வயதைக் கடந்த ஒருவரின் பங்குக்கு ஆண்டுக்கு 25 லிட்டருக்கும் மேலான தூய சாராயச் சத்து செலவானதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். இன்றைய அளவைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இதை எதிர்த்து 1826இல் பாதிரிமார்களும் கனவான்களும் சேர்ந்து மதுவிலக்குச் சங்கம் அமைத்தார்கள். ஆனால் அவர்கள் பேசியது குடிக்காதவனிடமும் அளவோடு குடிப்பவனிடமும்தான். முற்றிய குடிகாரன் எப்படியும் செத்துப்போவான். புதிதாக ஒருவன் குடிகாரன் ஆகாமல் பார்த்துக்கொண்டால் ஒரு தலைமுறையில் நாடு சுத்தமாகிவிடும் என்பது அவர்களில் முன்னணியினர் சிலரின் கணக்கு. இரக்கமற்ற கணக்குதான், ஆனால் நமக்குப் புதியதன்று. குடிப்பவனைத் திருத்த முடியாது என்று சொல்லாத தெரு எந்த ஊரில் இருக்கிறது?

பால்டிமோர்த் தொழிலாளர்கள் அந்த முற்றிய குடிகாரனைத்தான் தேடிப் போனார்கள். கூட்டத்துக்கு வருபவன் அடுத்த முறை இன்னொருவனையும் அழைத்துவர வேண்டும் என்பது அவர்களின் ஏற்பாடு. கூட்டத்தில் போதனை இல்லை, வேதவசனம் இல்லை, வாதம் இல்லை. எழுந்து நின்று தான் எப்படிக் குடித்தான், எதை இழந்தான், எப்படி நிறுத்தினான் என்று ஒருவன் சொல்வான். அவன் சொன்னதும் அடுத்தவன். அதை அவர்கள் ‘அனுபவம்’ என்றே அழைத்தார்கள். உபதேசம் மேலிருந்து கீழே வரும். அனுபவம் அதே பெஞ்சில் பக்கத்து இருக்கையிலிருந்து வருகிறது. அமெரிக்க மண்ணில் இது முதல்முறை அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1799 முதல் செனகா பழங்குடியினரிடையே ஹேண்ட்சம் லேக் என்ற முன்னாள் குடிநோயாளி தம் மக்களைத் திரட்டியது இதற்கு முந்தியது. ஆயினும் அது சமயத் தரிசனத்தில் பிறந்தது. பால்டிமோர்க்காரர்களுக்குத் தரிசனம் எதுவும் கிட்டவில்லை. அவர்களிடம் இருந்தது வெட்கம் மட்டுமே.

அடுத்த ஆண்டே பேரணி நடத்துமளவுக்கு அவர்கள் பெருகினார்கள். 1841 மார்ச்சில் ஐந்து பேர் நியூயார்க் சென்று பேசினார்கள். அங்கே இரண்டாயிரம் பேர் வரை கையெழுத்திட்டதாகச் சொல்வார்கள். ஜான் ஹாக்கின்ஸ் என்ற தொப்பித் தொழிலாளி பாஸ்டன் போனார். விஸ்கி வாங்கிவரத் தன்னை அனுப்ப வேண்டாம் என்று அவருடைய சின்ன மகள் ஹன்னா கெஞ்சியதைச் சொல்லித்தான் அவர் தம் பேச்சை முடிப்பது வழக்கம். பின்னர் ஹன்னாவின் கதை தனிச் சிறுநூலாகவே அச்சேறி விற்றது. பெண்கள் ‘மார்த்தா வாஷிங்டன்’ சங்கங்களை அமைத்தார்கள். குடியிலிருந்து மீள முயல்பவனுக்கு மாற்றுத்துணியும் அவன் வீட்டுக்குச் சோறும் கொடுத்தவர்கள் அவர்கள்தான். வரலாற்று நூல்கள் அதற்கு ஒரு பத்திக்கு மேல் ஒதுக்குவதில்லை.

1842 பிப்ரவரி 22 அன்று, இல்லினாய்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், உள்ளூர் வாஷிங்டனியர் சங்கத்தின் கூட்டத்தில் முப்பத்துமூன்று வயது வழக்கறிஞர் ஒருவர் பேசினார். அவர் ஆபிரகாம் லிங்கன். குடிப்பவனைச் சபிக்கிற பழைய சங்கங்கள் ஏன் தோற்றன, தோழனாக அணுகிய இந்தத் தொழிலாளர்கள் ஏன் வென்றார்கள் என்பதே அவர் பேச்சின் பொருள். குடிக்கு ஆளாகாதவர்களில் பெரும்பாலோர் அந்த வேட்கை தமக்கு இல்லாததால்தான் தப்பினார்களே தவிர ஒழுக்கத்தில் உயர்ந்தவர்கள் என்பதால் அன்று என்றும் கூறினார். கேட்டுக்கொண்டிருந்த தேவாலயத்துப் பெரியவர்கள் சிலருக்கு முகம் கறுத்தது என்று அவருடைய கூட்டாளி ஹெர்ண்டன் பின்னாளில் எழுதினார். கறுக்கத்தான் செய்யும்.

இத்தனையும் எழுந்த வேகத்தில் விழுந்தன. 1840களின் இறுதிக்குள் வாஷிங்டனியர் இயக்கம் பெரும்பாலான ஊர்களில் காணாமற்போனது. அதற்குப் பொதுவான கட்டமைப்பு எதுவும் இல்லை. மதவாதிகளோடு சண்டை, மது விற்பனையைச் சட்டத்தால் தடுப்பதா வேண்டாமா என்ற சண்டை, அரசியல் சண்டை என்று ஒவ்வொரு ஊரிலும் சங்கம் உடைந்தது. ஆய்வாளர்கள் இவற்றையே காரணங்களாக அடுக்குகிறார்கள். இலக்கியம் படித்தவன் என்ற முறையில் எனக்கு இன்னொன்றும் படுகிறது. ‘அனுபவம்’ மேடை ஏறியதுதான் அது.

பத்துப் பேர் அமர்ந்த அறையில் ஒருவன் தன் கதையைச் சொல்லும்போது அந்தக் கதை சொல்பவனுக்குத் தேவைப்படுகிறது. ஆயிரம் பேர் கூடிய அரங்கில் அதே கதை கேட்பவர்களுக்குத் தேவைப்படுகிறது. ஒவ்வொரு மாலையும் அவர்கள் அழ வேண்டும். ஆகவே நேற்றைவிட இன்று வீழ்ச்சி ஆழமாக இருக்க வேண்டும். கட்டணம் கொடுத்து வந்தவர்களாயிற்றே. இங்கிலாந்தில் பிறந்த புத்தகக் கட்டுநர் ஜான் கஃப் 1842இல் கையெழுத்திட்டு, மிகச் சிறிது காலத்தில் நாடறிந்த மேடைப் பேச்சாளர் ஆனார். நடிகராக இருந்த அனுபவமும் அவருக்கு உண்டு. 1845இல் தன்வரலாறு வெளியிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கில் ஒரு வாரம் காணாமற்போய், ஒழுக்கக்கேடான ஒரு வீட்டில் போதையில் கண்டெடுக்கப்பட்டார். சோடாவில் யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்றார் அவர். பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. அவர் மீண்டு எழுந்தார், மேலும் நாற்பது ஆண்டுகள் பேசினார், 1886இல் ஃபிலடெல்ஃபியாவில் பேசிக்கொண்டிருக்கும்போதே மேடையில் சாய்ந்து சில நாட்களில் இறந்தார் என்பது வேறு. ஆனால் அந்தப் புகழும் ஏளனமும் அறைக்குள் இருந்த பெயரற்ற பத்துப் பேரை என்ன செய்திருக்கும்?

விட்மனிடம் நாவல் கேட்கப்பட்டது இந்தச் சந்தையில்தான். 1843 ஆகஸ்டில் எட்கர் ஆலன் போ எழுதிய ‘கறுப்புப் பூனை’ கதையையும் இங்கே நினைவுகூரலாம். குடியால் கெட்டவனின் வாக்குமூலம் அது. ஆனால் மீட்சி கிடையாது. அக்காலத்து மதுவிலக்குக் கதைகளைத் தலைகீழாக்கிய இருண்ட பகடி என்று விமர்சகர் சிலர் அதைப் படிக்கிறார்கள். அதே போ 1849 ஆகஸ்டு இறுதியில் ரிச்மண்ட் நகரில், வாஷிங்டனியருக்குப் பின் தோன்றிய ‘மதுவிலக்கின் மைந்தர்கள்’ சங்கத்தில் சேர்ந்து உறுதிமொழி எடுத்தார். ஐந்து வாரங்கள் கழித்து ஒரு மதுவிடுதியில் சுயநினைவு தப்பிய நிலையில் கண்டெடுக்கப்பட்டு அக்டோபர் 7 அன்று இறந்தார். சாவின் காரணம் இன்றும் விவாதத்திலேயே இருக்கிறது. அவர் இறந்த ஊர் பால்டிமோர்.

இங்கே சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, இருபது ஆண்டுகள் குடித்தவர். மருத்துவமனையில் சேர்த்து உடலைத் தேற்றிய பின் (நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம், அந்தப் பொறுப்பு மருத்துவருடையது, எந்த வட்டமும் அதை ஏற்க முடியாது) ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னறையில் மாலையில் கூடும் குடிநோயாளர் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினார். முதல் நாள் நானும் உடன் போனேன். எட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு லாரி ஓட்டுநர் பேசினார், ஒரு வங்கி அதிகாரி பேசினார். யாரும் அண்ணனிடம் எதையும் கேட்கவில்லை. தேநீர் மட்டும் கொடுத்தார்கள். திரும்பும் வழியில் அவர், “டேய் தம்பி, அந்த பேங்க் ஆபீசர் என் கதையைத்தான்டா சொன்னாரு” என்றார்.

பதினான்கு மாதங்கள் குடிக்கவில்லை. அப்போது ஓர் அமைப்பு மதுவொழிப்பு மாநாடு நடத்தியது. அண்ணனை அழைத்தார்கள். பொன்னாடை, மாலை, ‘மதுவை வென்ற மாவீரர்’ என்று பதாகை. நன்றாகவே பேசினார், முன்வரிசையில் பெண்கள் அழுதார்கள். அடுத்த ஊரிலும் கூப்பிட்டார்கள், அதற்கடுத்த ஊரிலும். பின்னறைக்குப் போவது குறைந்தது. நான்காம் மாதம் வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் அவரைத் தூக்கிவந்தோம். மாநாட்டுக்காரர்கள் அதன்பின் தொலைபேசியை எடுக்கவில்லை. ஜான் கஃப் யாரென்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பேனா என்றால் அதுவும் இல்லை; முன்வரிசையில் நானும் பெருமையோடு உட்கார்ந்திருந்தவன்தான்.

பால்டிமோர் நிகழ்ச்சிக்கு 95 ஆண்டுகள் கழித்து, ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் வட்டம் மீண்டும் பிறந்தது. (இடையில் 1905இல் பாஸ்டன் மருத்துவர் ஜோசஃப் பிராட் ஏழைக் காசநோயாளிகளை வாரந்தோறும் ஒரு ‘வகுப்பாக’ கூட்டி, அவர்கள் ஒருவரால் ஒருவர் தேறுவதைக் கண்டார். மருத்துவ உலகின் குழு சிகிச்சை அங்கிருந்து தொடங்குகிறது என்பார்கள். அது தனிக் கட்டுரைக்குரியது.) 1935 மே மாதம், வணிகப் பேரம் ஒன்றில் தோற்று, மேஃபிளவர் ஹோட்டலின் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார் பில் வில்சன். ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. ஐந்து மாதமாகக் குடிக்காதிருந்தவர். இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால் மட்டுமே தான் தப்ப முடியும் என்று அவருக்குத் தோன்றியது. தேவாலயப் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் பலரிடம் விசாரித்து, மறுநாள் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். பதினைந்து நிமிடம்தான் என்ற நிபந்தனையோடு வந்த மருத்துவர் இரவு பதினொன்று கடந்துதான் எழுந்தார். ஜூன் 10 அன்று, அறுவை சிகிச்சைக்குப் போகும்முன் நடுங்கும் கையை நிலைப்படுத்த பில் கொடுத்த ஒரு பாட்டில் பீர்தான் ஸ்மித் குடித்த கடைசி மது. அந்த நாளையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

இந்தச் சந்திப்பு பல நூல்களில் சொல்லப்பட்டுவிட்டது. எனக்கு முக்கியமாகப்படுவது அடுத்து நடந்த சிறிய நிகழ்ச்சி. வேலையின்றி மனைவியின் சம்பளத்தில் வாழ்ந்துகொண்டிருந்த பில்லுக்கு, அவர் முன்பு சிகிச்சை பெற்ற நியூயார்க் மருத்துவமனையின் உரிமையாளர் ஊதியத்தோடு ஆலோசகர் பதவி தர முன்வந்தார். மகிழ்ச்சியோடு வீடு திரும்பிய பில் அன்றைய கூட்டத்தில் இதை அறிவித்தார். வட்டத்தில் இருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். நம்மில் ஒருவர் இதற்குக் கூலி வாங்கினால் மற்றவர்கள் என்ன ஆவது என்று கேட்டார்கள். பில் அந்தப் பதவியை மறுத்தார். நிறுவனரிடம் வட்டம் ‘கூடாது’ என்று சொன்னது, நிறுவனர் கேட்டுக்கொண்டார்.

பில் புகழை வெறுத்த துறவி அல்லர். மேடையை மிகவும் விரும்பியவர் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 1940இல் கிளீவ்லாண்ட் பேஸ்பால் அணி வீரர் ரோலி ஹெம்ஸ்லி தாம் உறுப்பினர் என்று பத்திரிகைகளில் சொன்னபோது கூட்டம் பெருகியது. பில்லும் ஊர் ஊராகப் பேட்டி கொடுக்கத் தொடங்கினார். பிறகுதான் அஞ்சினார். 1945இல் இயக்கத்தின் இதழில் வாஷிங்டனியரின் வீழ்ச்சியை நினைவூட்டி எழுதினார். மறு ஆண்டு பன்னிரண்டு மரபுகள் வெளிவந்தன. 1950இல் கிளீவ்லாண்ட் மாநாடு அவற்றை ஏற்றது. பொதுவெளியில் பெயர் கூடாது. வெளியார் பணம் கூடாது. வெளி விவகாரங்களில் கருத்து கூடாது. தலைவர்கள் ஊழியர்களேயன்றி ஆள்பவர்கள் அல்லர். இந்தக் ‘கூடாது’ ஒவ்வொன்றுக்கும் பின்னால் 1840களின் பிணம் ஒன்று கிடக்கிறது. யேல் பல்கலைக்கழகம் 1954இல் தர முன்வந்த கௌரவ டாக்டர் பட்டத்தை பில் ஏற்கவில்லை. 1971இல் அவர் இறந்த பிறகுதான் முழுப்பெயர் செய்தித்தாளில் வந்தது.

இதில் கடவுள் பேச்சு அதிகம் என்ற குறை உண்டு. எனக்கும் அது உறுத்துவதுண்டு. வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கியவர்களும் பலர். ஆனால் 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளில் 10,565 பேரைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து, தொடர்ந்து குடிக்காதிருப்பதில் இவ்வழி மற்ற சிகிச்சை முறைகளைவிடக் குறைந்ததன்று, சிலவற்றைவிட மேலானது என்று கண்டது.

மரபுகள் இல்லாத வட்டம் என்ன ஆகும் என்பதற்கு சினனான் சாட்சி. ஏ.ஏ. கூட்டங்களில் குடியிலிருந்து மீண்ட சார்லஸ் டெடரிக் 1958இல் கலிபோர்னியாவில் இதைத் தொடங்கினார். பெரும்பாலும் ஹெராயின் அடிமைகள் வந்தார்கள். அன்று அவர்களை ஏற்க வேறு கதவுகள் மிகச் சில. இங்கும் வட்டம்தான். ஆனால் இங்கே தன் கதையைச் சொல்வதில்லை. நடுவில் சிக்கியவனை மற்றவர்கள் சொல்லால் கிழிப்பார்கள். அதற்கு ‘விளையாட்டு’ என்று பெயர். பலர் மீண்டார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. உளவியலாளர் மாஸ்லோ பாராட்டினார். 1965இல் திரைப்படமே வந்தது. பிறகு வெளியேறுதல் என்பதே இல்லை, வாழ்நாள் முழுதும் இங்கேதான் என்றார்கள். தன்னைச் சமயமாக அறிவித்துக்கொண்டது. உறுப்பினர் எல்லோரும் தலையை மழித்தார்கள். 1977இல் ஆண்களுக்குக் கருத்தடை அறுவை. தம்பதிகள் பிரிக்கப்பட்டு வேறு துணைகள் ஒதுக்கப்பட்டார்கள். 1978 அக்டோபரில், சினனானை எதிர்த்து வழக்காடிய வழக்கறிஞர் பால் மொராண்ட்ஸின் அஞ்சல் பெட்டியில் கிலுகிலுப்பை நீக்கப்பட்ட விரியன் பாம்பு வைக்கப்பட்டது. கடிபட்டவர் பிழைத்தார். அந்த டிசம்பரில் டெடரிக்கைக் கைது செய்யப் போனபோது அவர் குடிபோதையில் இருந்தார். 1991இல் சினனான் மூடப்பட்டது. ஆனால் திட்டித் திருத்தும் அந்த முறை அதற்குள் பல மறுவாழ்வு இல்லங்களுக்குப் பரவியிருந்தது. மறுவாழ்வு என்ற பெயரில் அடியும் பூட்டும் நடக்கும் இல்லங்களைப் பற்றி நம் நாளேடுகளிலும் படிக்கிறோம்.

நம் பக்கத்தில் மதுவின் வரலாறு என்றால் 1937இல் ராஜாஜி சேலத்தில் கொண்டுவந்த மதுவிலக்கும், 2003இல் அரசே சில்லறைக் கடை திறந்ததும்தான் பேசப்படுகின்றன. சட்டத்தின் வரலாறு அது. சங்கடத்தின் வரலாறு வேறு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் சிகிச்சை நிறுவனம் தொடங்கினார். மருத்துவமனைக்கு வர வழியில்லாதவர்களுக்காக அவருடைய குழு 1980களின் இறுதியில், இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் மஞ்சக்குடியில் முகாம் நடத்தியது. ஊர்ப் பெரியவர்கள் ஆட்களைத் திரட்டினார்கள். குடிப்பவர்கள் கிராமத்திலேயே ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெற்றுக் கூடிப் பேசினார்கள். வீட்டாருக்கும் தனியே அமர்வுகள் இருந்தன. அதைப் பற்றிய கட்டுரை பின்னர் பன்னாட்டு ஆய்விதழிலும் வந்தது. வயலும் வரப்பும் அறிந்த மனிதர் தம் சொந்தத் தெருக்காரர் நடுவே வாய்திறப்பது ஆக்ரனில் பெயர் மறைத்துப் பேசுவதைவிடக் கடினமா, எளிதா? என்னால் முடிவுசெய்ய இயலவில்லை. நம் ஊரில் பெயரை மறைக்கலாம்; யாருடைய மகன் என்பதை மறைக்க முடியாது.

அண்ணன் பேருந்து நிலையத்துச் சம்பவத்துக்குப் பின் ஓராண்டு அந்தப் பின்னறைப் பக்கம் போகவில்லை. வெட்கம். பின் ஒருநாள் தானே போயிருக்கிறார். மாநாட்டைப் பற்றி யாரும் ஒரு சொல் கேட்கவில்லையாம். “வாங்கண்ணே, டீ சூடா இருக்கு” என்று அந்த லாரி ஓட்டுநர் நாற்காலியை நகர்த்திப் போட்டிருக்கிறார். இப்போது அறையின் சாவி அண்ணனிடம் இருக்கிறது. கூட்ட நாட்களில் ஐந்தரை மணிக்கே போய்த் தரையைப் பெருக்கி நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைக்கிறார். இந்தக் கட்டுரை எழுதப்போவதாகச் சொல்லி அவரிடம் அனுமதி கேட்டேன். எழுதிக்கொள், ஆனால் என் பெயரும் ஊரும் வரக்கூடாது என்றார்.